ஒரு திரை, ஒரு கைபேசி, நாற்பது பிள்ளைகள்: வகுப்பறைத் தொழில்நுட்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் கருவிகள் வந்து சேர்ந்த வேகம் சாதாரணமானது அல்ல. 2011-இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி. 2018-இல் புதிய பாடநூல்களின் ஓரத்தில் கியூஆர் குறியீடு. அதை வருடினால் தீக்ஷா தளத்தில் பாடம் திறக்கும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. பெருந்தொற்றுக் காலத்தில் பல வீடுகளில் வாட்ஸ்அப் வகுப்பு. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம், 2023-இல் மணற்கேணி செயலி. அதன்பின் தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும், ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் திட்டமும் வந்தன.

இத்தனையும் வந்த பிறகும், மணி அடித்து நாற்பது நிமிடப் பாடவேளை தொடங்கும்போது என்ன செய்வது என்பது ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. அந்த நாற்பது நிமிடங்களுக்காகவே இந்த வழிகாட்டி. ஒரு திரையும் ஒரு கைபேசியும் மட்டும் உள்ள வகுப்பறையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நம்மில் பெரும்பாலோருக்கு வாய்த்திருப்பது அதுதான்.

முதலில் இரண்டு நாடுகளின் அனுபவம்

பெரு நாட்டில் அரசு லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வழங்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பிறகும் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. கருவி வந்தது, கற்பித்தல் இருந்த இடத்திலேயே இருந்தது.

டெல்லியில் நடந்தது வேறு. பள்ளி முடிந்தபின் செயல்பட்ட மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை நடுநிலை வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் ஒன்றரை மணி நேரம். அதில் பாதி கணினியில், மீதிப் பாதி சிறு குழுவாக ஓர் உதவியாளரிடம். 2019-இல் வெளியான ஆய்வின்படி, நாலரை மாதத்துக்குள் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. காரணம் முக்கியமானது. அங்கு ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அதை முதலில் சோதித்து அறிந்துகொண்டு, ஆறாம் வகுப்புக் கணக்கைத் திணிக்காமல், பிள்ளை நின்ற படியிலிருந்து தொடங்கியது.

எனவே நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான். வகுப்பறையில் கருவியின் முதல் வேலை பாடம் நடத்துவது அல்ல. எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்பதை ஆசிரியருக்குக் காட்டுவது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் கேள்வி கேட்டால் கை தூக்குவது எப்போதும் அதே ஐந்து பேர். மற்ற முப்பத்தைந்து பேரின் மனத்தில் இருக்கும் விடை, தேர்வுத்தாள் திருத்தும்வரை நமக்குத் தெரிவதில்லை. தெரியும்போது பாடம் முடிந்து மாதம் ஆகியிருக்கும்.

படி 1: பிள்ளைகள் இடறும் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள்

அலகு தொடங்குமுன் சென்ற ஆண்டின் விடைத்தாள்களையோ குறிப்பேடுகளையோ புரட்டுங்கள். ஒரே தவறு பல கைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கைவிட நான்கில் ஒரு பங்கு பெரியது, ஏனென்றால் மூன்றைவிட நான்கு பெரியது. நிலவு தேய்வதற்குக் காரணம் பூமியின் நிழல். மின்னோட்டம் முதல் விளக்கில் கொஞ்சம் செலவாகி, இரண்டாவது விளக்குக்குக் குறைவாகப் போய்ச் சேருகிறது. மாணவர்கள் இவற்றைக் கவனக்குறைவால் எழுதுவதில்லை. அவர்களுக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது.

ஒவ்வொரு இடறலுக்கும் ஏற்ற கருவி வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நகர்வதையோ மாறுவதையோ காட்ட வேண்டுமானால் மெய்நிகர் சோதனை. வடிவியலில் கோட்டை இழுத்துக் கோணம் மாறுவதைக் காட்ட ஜியோஜீப்ரா. கணக்குப் பாடநூலில் ‘இணையச் செயல்பாடு’ என்று வரும் பக்கங்கள் பெரும்பாலும் அதற்கே அழைத்துச் செல்கின்றன. வானத்தைக் காட்ட ஸ்டெல்லேரியம்.

உச்சரிப்புக்கு இணையமே வேண்டாம். லகர, ளகர, ழகரங்களில் தடுமாறும் பிள்ளையிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கைபேசியின் ஒலிப்பதிவியில் பதிவு செய்யுங்கள். உடனே போட்டுக் காட்டுங்கள். நாம் எத்தனை முறை திருத்தினாலும் காதில் ஏறாத வேறுபாடு, தன் குரலைத் தானே கேட்கும்போது பிடிபடுகிறது. ‘வாழைப்பழம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் தான் என்ன சொன்னோம் என்பதைக் கேட்ட பிள்ளை, நாவை வளைத்து மறுபடி முயன்று பார்க்கும். இரண்டாம் முறையும் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கவிடுங்கள். தனியாக, மற்றவர்கள் கேட்காத இடத்தில் செய்யுங்கள். வகுப்பின் நடுவே போட்டால் அந்தப் பிள்ளை இனி வாயே திறக்காது.

கரும்பலகை நன்றாகச் செய்யும் வேலையைத் திரைக்கு மாற்ற வேண்டாம். நீள் வகுத்தலைக் கரும்பலகையில் நடத்துவதே மேல் என்பது என் முடிவு. ஆசிரியரின் கை நகரும் வேகத்திலேயே பிள்ளையின் கையும் நகர்கிறது. திரையில் முழு வரியும் ஒரே சொடுக்கில் தோன்றும்போது அந்த வேகம் போய்விடுகிறது.

படி 2: அறையைச் சோதியுங்கள்

பாடவேளைக்கு முன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். வெளிச்சமான அறையில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கரைந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்துத்தான் நிற்கும். ஒரு பக்கத்தில் ஆறேழு வரிகளுக்கு மேல் வேண்டாம். மடிக்கணினியின் ஒலி, மின்விசிறி ஓடும் அறையில் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. சிறிய ஒலிபெருக்கி ஒன்று அவசியம்.

இணையத்தை நம்பிப் பாடத்தைத் திட்டமிடாதீர்கள். தீக்ஷா செயலியில் பாடங்களை முன்னரே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மெய்நிகர் சோதனைகள் பலவற்றையும் அப்படியே கணினியில் சேமிக்கலாம். மின்தடை வந்தால் அடுத்த பத்து நிமிடங்களுக்கு என்ன செய்வீர்கள் என்பதைப் பாடக்குறிப்பிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள்.

புதிதாகத் திரை பொருத்தும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கரும்பலகையின் நடுவில் அதைத் தொங்கவிடாதீர்கள். பக்கவாட்டில் வையுங்கள். திரையில் ஒன்று ஓடும்போதே பலகையில் எழுத வேண்டிய தேவை ஒவ்வொரு பாடத்திலும் வரும்.

படி 3: மூன்று கருவிகளுக்கு மேல் எடுக்காதீர்கள்

பயிற்சி முகாம்களில் ஒரே நாளில் இருபது செயலிகளை அறிமுகப்படுத்துகிறார்கள். பள்ளிக்குத் திரும்பியபின் ஒன்றையும் தொட மனம் வருவதில்லை. ஒரு பருவத்துக்கு மூன்று போதும்: காட்டுவதற்கு ஒன்று, கேட்டறிவதற்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று.

காட்டுவதற்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு என் முதல் பரிந்துரை பெட் (PhET) மெய்நிகர் சோதனைகள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது இது. கட்டணம் இல்லை. பல சோதனைகள் தமிழிலும் இருக்கின்றன.

கேட்டறிவதற்கு பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகளிடம் கருவி எதுவும் தேவையில்லாததால் நம் வகுப்பறைகளுக்கு இது மிகவும் பொருந்துகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு காகித அட்டை. அதில் கருப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம். நான்கு பக்கங்களுக்கும் நான்கு விடை எழுத்துகள். தன் விடை எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். ஆசிரியர் தன் கைபேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால், யார் எந்த விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பிப் பயனில்லை. அட்டைகளைக் கெட்டியான தாளில் அச்சிடுங்கள். பளபளக்கும் உறை போடாதீர்கள். ஒளி பட்டுத் தெறித்தால் கேமரா படிக்காது.

இணையம் இல்லாத பள்ளியில் இதே வேலையைச் சிலேட்டு செய்யும். விடையை எழுதி, எண்ணி முடித்ததும் ஒரே நேரத்தில் தூக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்கான கருவியை உங்கள் பாடத்துக்கு ஏற்ப நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்.

படி 4: ஒரு பாடவேளையை நடத்திப் பாருங்கள்

தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்த ஒரு முறை கைவந்துவிட்டால் மற்றப் பாடங்களுக்கு நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.

விளக்கம் எதுவும் சொல்லாமல் கேள்வியில் தொடங்குங்கள். திரையில் ஒரு படம்: ஒரு மின்கலம், தொடராக இணைத்த ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள். எது பிரகாசமாக எரியும்? நேர்முனைக்கு அருகில் உள்ளதா, எதிர்முனைக்கு அருகில் உள்ளதா, இரண்டும் சமமா, இரண்டும் எரியாதா? ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு அட்டைகள் உயரட்டும்.

முடிவைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். உங்கள் கைபேசியில் மட்டும் பாருங்கள். இந்த இடத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களில் வகுத்த முறை கைகொடுக்கும். சரியான விடை சொன்னவர்கள் நூற்றுக்கு முப்பதுக்கும் கீழே என்றால் அடிப்படையே புரியவில்லை. விளக்கிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். எழுபதுக்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். இடைப்பட்ட நிலைதான் பொன்னான நிலை. “உன் விடைக்கு மாறான விடை சொன்ன ஒருவரைத் தேடிப் பிடித்து, உன் காரணத்தைச் சொல்லி ஒப்புக்கொள்ள வை” என்று சொல்லி இரண்டு நிமிடம் பேசவிடுங்கள்.

அந்த இரண்டு நிமிடங்களில் நீங்கள் பெஞ்சுகளுக்கு இடையே நடந்து காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். “முதல் விளக்கு பாதியைக் குடித்துவிடும்” என்று ஒரு குரல் வரும். “குடித்துவிட்டால் திரும்பி மின்கலத்துக்கு எது போகும்?” என்று இன்னொரு குரல் மறுக்கும். பாடநூலின் எந்த வரியையும்விட அந்த மறுப்பு கூர்மையானது. யார் சொன்னது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி அட்டை தூக்கச் சொல்லுங்கள். சரியான விடையின் பக்கம் கூட்டம் நகர்ந்திருக்கும்.

இப்போதும் விடையைச் சொல்லாதீர்கள். மேசைமேல் உண்மையான மின்கலம், உண்மையான கம்பி, இரண்டு சிறு விளக்குகளை வைத்து ஒரு பிள்ளையை அழைத்து இணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் சமமாக எரிவதை எல்லோரும் பார்க்கட்டும். திரைக்கு முன் பொருள் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திரையில் எதை வேண்டுமானாலும் எரிய வைக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தன் கையால் கம்பியை இணைத்து விளக்கு எரிவதைப் பார்த்த பிள்ளைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பொருளால் காட்ட முடியாதது கம்பிக்குள் நடப்பது. அதற்குத்தான் திரை. பெட் தளத்தில் நேர்திசை மின்சுற்று (DC) அமைக்கும் சோதனையைத் திறந்து அதே சுற்றை உருவாக்குங்கள். எலக்ட்ரான்கள் சுற்றில் நகர்வது தெரியும். அம்மீட்டரை முதல் விளக்குக்கு முன், இரண்டுக்கும் நடுவே, இரண்டாவதற்குப் பின் என மூன்று இடங்களில் வையுங்கள். அங்கே வழக்கமாக மின்கலம் 9 வோல்ட், விளக்கு 10 ஓம் என்று இருக்கும். மூன்று இடத்திலும் 0.45 ஆம்பியர். ‘குடித்துவிடும்’ என்ற எண்ணம் அந்த எண்ணின் முன் உடைகிறது. பிறகு ஒரு விளக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கம்பியால் இணைத்தால் ஒற்றை விளக்குக்கு 0.9 ஆம்பியர். பக்க இணைப்பாக மாற்றினால் விளக்கு ஒவ்வொன்றிலும் 0.9, மின்கலத்திலிருந்து 1.8. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் “இப்போது என்ன எண் வரும்?” என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகே சொடுக்குங்கள். முன்கூட்டி ஊகிக்காமல் பார்க்கும் பிள்ளைக்கு அது வேடிக்கையாக முடிந்துவிடும்.

கடைசி ஐந்து நிமிடத்துக்கு இன்னொரு கேள்வி: நம் வீட்டில் ஒரு விளக்கு பழுதானாலும் மற்றவை எரிகின்றனவே, அவை எந்த இணைப்பில் இருக்கின்றன, எப்படித் தெரிகிறது? விடையை ஆளுக்கு இரண்டு வரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை தூக்கியதில் அதிர்ஷ்டத்தால் சரியானவர்கள் யார் என்பது இந்த இரண்டு வரியில் தெரியும்.

இந்தப் பாடவேளையில் திரை ஓடியது பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். அந்த அளவு போதும்.

படி 5: தெரிந்ததை வைத்து ஏதாவது செய்யுங்கள்

விடைகளைச் சேகரித்துக் கைபேசியிலேயே விட்டுவிடுவது வீண். அன்றே பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரியுங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளை வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே ஒரு கனிவு இருக்கிறது. அரும்பு என்றால் இனி மலரப்போவது என்றுதானே பொருள். ஆனால் பெயர் எதுவானாலும், குழு நிலையாக உறைந்துவிட்டால் பிள்ளைக்கு அது முத்திரை ஆகிவிடும். வாரந்தோறும் மாற்றுங்கள். பின்னங்களில் தடுமாறும் பிள்ளை வடிவியலில் முதல் வரிசையில் இருக்கக்கூடும்.

அடுத்த நாள் முதல் பத்து நிமிடம், ஒரு குழுவுக்குத் திரையில் பயிற்சி, ஒரு குழுவுக்கு நோட்டில் கணக்கு. மூன்றாவது குழுவோடு நீங்கள் தரையில் உட்காருங்கள். கருவி உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை அதிகம் தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் கருவிகளில் முதல் உரிமை அந்தப் பிள்ளைக்கு. என்விடிஏ என்ற இலவச மென்பொருள் கணினித் திரையில் உள்ள தமிழைப் படித்துக்காட்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் இருக்கிறது. ஆனால் பாடக்குறிப்பு ஒருங்குறியில் (யூனிகோட்) இருந்தால்தான் அவை சரியாகப் படிக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததையும் ஒளிப்படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் அவை சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. எல்லோருக்கும் இதில் நன்மை உண்டு. பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரிவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். கைபேசியில் பேசியே தட்டச்சு செய்யவும் இப்போது வசதி இருக்கிறது.

படி 6: செயற்கை நுண்ணறிவை எங்கே வைப்பது

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் ஆசிரியர் அறைகளில் இதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. என் நிலைப்பாடு: ஆசிரியரின் தயாரிப்பு மேசையில் அதற்கு இடம் உண்டு, சிறு பிள்ளையின் கையில் இல்லை. வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 13 வயது என்று யுனெஸ்கோவும் 2023-இல் வழிகாட்டியிருக்கிறது.

பயனுள்ள வேலைகள் சில. ஒரு கேள்விக்கு, பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை வைத்தே தவறான விடைகளை உருவாக்கச் சொல்லலாம். எட்டாம் வகுப்புப் பத்தியை நான்காம் வகுப்புத் தமிழில் எளிமையாக்கச் சொல்லலாம். ஒரே கணக்கை எண்கள் மாற்றிப் பத்து விதமாகக் கேட்கலாம்.

தமிழ் இலக்கியத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. குறள் எண்ணை மாற்றிச் சொல்வதும், குறள் போலவே ஒலிக்கும் இல்லாத இரண்டு அடிகளை இயற்றித் தருவதும் நடக்கிறது. ‘கற்க கசடற’ எந்த எண் என்று கேட்டு, 391 என்ற சரியான விடை வந்தாலும் அடுத்த குறளுக்கு நூலைத் திறந்து பார்த்துவிடுங்கள். நாம் சரிபார்க்காமல் திரையில் காட்டியதைப் பிள்ளை ஆயுள் முழுதும் நம்பும்.

வீட்டுப்பாடத்தைக் கருவியிடம் கேட்டு எழுதிவரும் மேல் வகுப்பு மாணவரைப் பிடித்துத் தண்டிப்பதில் நேரம் செலவிட வேண்டாம். எழுதி வந்ததைப் பற்றி வாய்மொழியாக இரண்டு கேள்வி கேளுங்கள். தெரிந்து எழுதியவர் சொல்லிவிடுவார். தெரியாதவர் மறுபடி படித்துவரட்டும்.

படி 7: வீடும் விவரங்களும்

பல வீடுகளில் கைபேசி ஒன்றுதான். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். ஆகவே கைபேசி இல்லாமல் முடிக்க முடியாத வீட்டுப்பாடத்தைக் கொடுக்காதீர்கள். காணொளியைப் பார்த்துவரச் சொன்னால், மறுநாள் உணவு இடைவேளையில் பள்ளித் திரையிலும் அதைப் போடுங்கள்.

பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, ஒளிப்படம் ஆகியவற்றை வெளிச் செயலிகளில் ஏற்றாதீர்கள். வருகைப் பதிவேட்டு எண்ணே போதும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தையாகவே கருதி, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கடைசி இடத்தில் இருக்கும் பிள்ளையின் அம்மாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

படி 8: பருவ முடிவில் கணக்குப் பார்த்து, அடுத்தவருக்கு விட்டுச் செல்லுங்கள்

முதல் படியில் எழுதிய இடறல்களை எடுத்து அதே கேள்விகளை வேறு வடிவில் கேளுங்கள். தவறு குறைந்திருந்தால் அந்தக் கருவி இருக்கட்டும். குறையவில்லை என்றால், பிள்ளைகள் எவ்வளவு ஆர்வமாகப் பார்த்திருந்தாலும் அதைக் கைவிட்டு வேறு வழி தேடுங்கள்.

பயன்பட்ட கேள்விகளை வகுப்பு, அலகு, கேள்வி, பிள்ளைகள் சொன்ன தவறான விடை, அதை உடைத்த செயல்பாடு என்று ஐந்து நெடுவரிசைகளில் ஒரு விரிதாளில் ஒருங்குறியில் சேமித்துப் பள்ளிக் கணினியில் வையுங்கள். ஒரு பிரதியை அச்செடுத்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். கலந்தாய்வில் உங்களுக்கு மாறுதல் கிடைத்து வேறு ஊருக்குப் போனாலும், ஜூன் மாதம் அந்த வகுப்பை ஏற்கும் ஆசிரியர் முதல் நாளிலிருந்தே அதைப் பயன்படுத்தலாம்.